‘ஜெர்மனியில ஃபீஸே கிடையாது சார்!’ – உஷார்!

பிள்ளை பி.இ. கடைசி செமஸ்டரில் இருக்கிறானா? வெளிநாட்டு மேற்படிப்புக் கடனுக்காக வீட்டு மூலப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டீர்களா? வங்கிக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

‘அமெரிக்கா, லண்டன் என்றால் அரைக் கோடி. ஜெர்மனி என்றால் படிப்பே இலவசம்.’ கல்விக் கண்காட்சிகளில் கன்சல்டன்சிகள் ஓதுகிற மந்திரம் இது. முழுப் பொய்யாக இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடுவோம். இதில் பாதி உண்மை, அதுதான் வில்லங்கம்.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும் என்பது சரிதான். ஆனால் ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மெக்கானிக்கல் பையன்கள் கனவு காணும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வசூலிக்கத் தொடங்கிவிட்டது. முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. வருடத்துக்கு அல்ல, ஒரு செமஸ்டருக்கு!

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்குப் பொதுவாக கமிஷன் கிடையாது. தனியாரில் உண்டு. ‘இலவசம்’ என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, ‘உங்க பையன் பர்சென்டேஜுக்கு இதுதான் கிடைக்கும்’ என்று ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கேட்கிற தனியார் பல்கலையை நீட்டுவார்கள். கேட்டால், ‘கவர்ன்மென்ட் ரெகக்னைஸ்டு சார்’ என்பார்கள். நம்மூர் சுயநிதிக் கல்லூரியும் அரசு அங்கீகாரம் பெற்றதுதானே?

சரி, கட்டணமே இல்லாத இடத்தில் சீட் கிடைத்துவிட்டது. அப்போதும் விசாவுக்கு முன்பே ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் 11,904 யூரோ போட்டாக வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் பிள்ளைக்குத் திரும்ப வரும். இது ஓராண்டுக் கணக்கு. அடுத்த ஆண்டு அனுமதியை நீட்டிக்க மறுபடி பணமோ வருமானமோ காட்ட வேண்டும். மியூனிக்கில் பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். மருத்துவக் காப்பீடு தனி. விசாவுக்காக நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இங்கேயே 18,000 ரூபாய்.

இதே பிள்ளை கேட் தேர்வில் தேறி ஐ.ஐ.டி.யிலோ கிண்டியிலோ எம்.டெக்., எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை அவன் கைக்கு வரும். கண்காட்சி ஹாலில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

‘பார்ட் டைம் பண்ணி சமாளிச்சுக்குவான்.’ ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஜெர்மன் பேசத் தெரியாதவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிடங்கும் உணவு டெலிவரியும்தான். இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் பரீட்சை எழுதினால் அரியர் விழும். நம்மூர் போல அரியர் வைத்து வைத்து எழுத முடியாது. பல பல்கலைகளில் ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தோற்றால் வெளியே. அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்தில் தொடர்வதும் பெரும்பாலும் நடக்காது. வங்கிக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

20 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு 2.20 லட்சம். தவணை தொடங்குவது படிப்பு முடிந்த பிறகுதான், வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்றாக இழுத்தால் அந்த ஓராண்டு வட்டியோடு, இன்னொரு 12 லட்சம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்.

‘அக்கவுண்ட்ல காட்டுறதுக்கு நாங்களே பணம் போடுறோம், அப்புறம் மாசாமாசம் திருப்பிக் கொடுத்தா போதும்’ என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். மாதம் வரும் 992 யூரோவை வட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளை எதைச் சாப்பிடுவான்?

போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஜெர்மன் மொழியை இங்கேயே ஒழுங்காகப் படித்து, அரசுப் பல்கலைக்குத் தானே விண்ணப்பித்துப் போய் நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். விண்ணப்பிக்க ஏஜென்ட்டே தேவையில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டுக்கு (DAAD) சென்னையிலேயே தகவல் மையம் இருக்கிறது. பல்கலை அரசுடையதா, தனியாரா, கட்டணம் எவ்வளவு என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே பேச்சு நடக்கிறதென்றால் ஒன்று செய்யுங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டிய முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் வந்துடும் சார், இன்னைக்கே கட்டுனாத்தான் சீட்டு’ என்று பதில் வந்தால், செக் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.