விளையாட்டின் ஸ்கோர் வேறு, கையின் ஸ்கோர் வேறு

பக்கவாதத்தில் முடங்கிய கையை மீட்டுத் தரும் மாத்திரை இன்றுவரை இல்லை. பயிற்சிதான் வழி. ஒரே அசைவைச் சலிக்காமல் செய்துகொண்டே இருந்தால், மூளையில் பாதிப்பில்லாமல் தப்பிய பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. எத்தனை முறை செய்வது என்பதில்தான் சிக்கல். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு வேளைப் பயிற்சிக்கு 400 முதல் 600 அசைவுகள் வரை செய்யவைத்தார்கள். 2009-ல் ஆய்வாளர் கேத்தரின் லாங் குழுவினர் வட அமெரிக்க மையங்களில் எண்ணிப் பார்த்தபோது, கைக்குப் பயிற்சி தந்த அமர்வுகளில்கூட உருப்படியான அசைவுகள் சராசரியாக 32தான். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கணினி விளையாட்டுகள் மறுவாழ்வு மையங்களுக்குள் நுழைந்தன. பயிற்சியை ஆட்டமாக்கிவிட்டால் எண்ணிக்கை தானாக ஏறும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. டொரொன்டோவின் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நடந்த எவரெஸ்ட் ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. நான்கு நாடுகளில் 141 நோயாளிகள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவினர் நின்டெண்டோ வீ ஆடினார்கள். மறு பிரிவினர் சீட்டு, பிங்கோ, ஜெங்கா என்று பொழுதுபோக்கினார்கள். இரு பிரிவினருக்கும் இரண்டு வாரங்களில் தலா ஒரு மணி நேரமாகப் பத்து அமர்வுகள். இரு தரப்பினரும் தேறினார்கள். அவர்களுக்கிடையே வித்தியாசம்தான் இல்லை. மறு ஆண்டு 72 ஆய்வுகளை அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது: வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக விளையாட்டை வைத்தால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை, அதோடு சேர்த்துக் கொடுத்து மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் இருக்கலாம்.

சீட்டுக்கட்டே போதுமென்றால் இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எவரெஸ்ட் ஆய்வு சோதித்தது, ஆரோக்கியமானவர்கள் வரவேற்பறையில் ஆடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியை. வீ அளப்பது ரிமோட்டின் அசைவை. தோள் என்ன செய்தது என்பது அதற்குத் தெரியாது. மேசைமேல் உள்ள டம்ளரை எட்டச் சொன்னால், பக்கவாத நோயாளி பல நேரம் முழங்கையை நீட்டுவதில்லை. தோளைத் தூக்கி, இடுப்பிலிருந்து உடம்பையே முன்னால் சாய்க்கிறார். டம்ளர் கைக்கு வந்துவிடுகிறது. ஆட்டமாக இருந்தால் ஸ்கோரும் ஏறிவிடும். முழங்கை மட்டும் மடங்கியபடியே இருக்கும். கள்ள அசைவையும் நல்ல அசைவையும் ஒன்றாக எண்ணும் ஆட்டம், தவறான பழக்கத்துக்குத்தான் பரிசு கொடுக்கிறது.

எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரலான செயற்கை நரம்பு வலையமைப்புக்கு உண்மையான வேலை இருப்பது, இந்த இரண்டு அசைவுகளையும் பிரித்தறிவதில்தான். 2010-ல் வந்த கினெக்ட் என்ற விளையாட்டுக் கருவி உடம்பின் மூட்டுகளை அடையாளம் காண, நரம்பு வலையமைப்பை அல்ல, அடுத்தடுத்த கேள்விகளால் முடிவெடுக்கும் ‘முடிவு மரங்களையே’ நம்பியது. தனி கேமராவும் அதற்குத் தேவைப்பட்டது. 2014-ல் கூகுள் ஆய்வாளர்கள் சாதாரணப் படத்திலிருந்தே மூட்டுகளின் இடத்தை ஆழ் நரம்பு வலையமைப்பால் கணித்துக் காட்டினார்கள். இன்று கைப்பேசி கேமராவே உடம்பில் 33 புள்ளிகளைப் பின்தொடர்கிறது. அந்தப் புள்ளிகளின் ஓட்டத்தையும், பிசியோதெரபிஸ்ட் போட்ட மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டிப் பழக்கினால், சாய்ந்து எட்டியதையும் நீட்டி எட்டியதையும் வலையமைப்பால் பிரித்துச் சொல்ல முடியும்.

அப்படியானால் பிசியோதெரபிஸ்டே வேண்டாமா? அந்த முடிவுக்கு வரத் தரவு இடம் தரவில்லை. இத்துறையில் பலரும் பயன்படுத்தும் ஐடஹோ பல்கலைக்கழகத் தரவுத்தொகுப்பில் இருப்பவர்கள் பத்துப் பேர்; பத்துப் பேருமே ஆரோக்கியமானவர்கள். தவறான அசைவுகளை நோயாளிபோல நடித்துக் காட்டினார்கள். நடிப்பில் வரும் தவறும், விறைத்த தசையோடு போராடும்போது வரும் தவறும் ஒன்றல்ல. 2019-ல் வந்த இத்தாலியின் கிமோர் தொகுப்பில் நோயாளிகளும் உண்டு. அவர்களும் 34 பேர்தான். தான் பார்த்திராத உடம்பை வலையமைப்பு சரியாக எடைபோடும் என்று நம்ப ஆதாரமில்லை.

ஆகவே, வீட்டிலிருக்கும் நோயாளிக்காக இத்தகைய செயலியை வாங்க நினைப்பவர்கள், விற்க வருபவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது சாய்ந்து எட்டினால் கண்டுபிடிக்குமா? எத்தனை நோயாளிகளைப் பார்த்துக் கற்றது? நேரான பதில் வராவிட்டால், அந்தப் பணத்தில் பிசியோதெரபிஸ்டை இன்னும் சில நாள் கூடுதலாக வரவழைப்பதே மேல்.