கம்பம்மெட்டு வழியே ஏலக்காய்

எடை குறையும் மூலப்பொருளை விளையுமிடத்திலேயே பதப்படுத்துவது சிக்கனம் எனப் பள்ளிப் புவியியலில் படித்திருக்கிறோம். அங்கே கரும்பை எடுத்துக்காட்டுவார்கள், ஏலக்காயும் பொருத்தமானதே. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோதான் தேறும். ஆகவே ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடங்கள் இடுக்கி மலைமீதே அமைந்துள்ளன.

வணிகத்தின் கதை வேறு. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. மலையடிவாரத்துப் போடிநாயக்கனூருக்கோ 1928-இலேயே ரயில் வந்தது. ஏல வணிகம் அங்கு வேரூன்ற இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், இடுக்கியின் புற்றடியிலும் மின்னணு முறையில் ஏலம் ஏலத்திற்கு வருகிறது.

காய் மலையிலிருந்து இறங்க, உழைப்பு கீழிருந்து ஏறுகிறது. விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கின் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் கம்பம்மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தோட்டங்களை அடைகின்றன, மாலையில் திரும்புகின்றன. 2020 ஊரடங்கில் மாநில எல்லை அடைபட்டபோது, கோடைக்காலப் பராமரிப்புக்கு ஆளின்றித் தோட்டங்கள் தவித்தன. அடுத்த பருவத்து விளைச்சலும், அதை நம்பிப் பெற்ற கடனும் அப்பராமரிப்பையே சார்ந்தவை. தோட்டக் கடன் கோரும் வாடிக்கையாளரிடம் பரப்பையும் விளைச்சலையும் கேட்கும் நாம், வேலையாட்கள் எவ்வழியாக வருகிறார்கள் என்றும் வினவுவது அதனால்தான்.