நின்னுபோன கடிகாரமும் நேரம் சொல்லும்!

'ஆன்டிக் ரயில்வே க்ளாக்'னு இன்டர்நெட்ல தேடிப் பாருங்க. ரெண்டு பக்கமும் முகம் வெச்ச ஒரு கறுப்பு இரும்புக் கடிகாரம் கண்ணுல மாட்டும். டயல்ல 'விக்டோரியா ஸ்டேஷன், லண்டன், 1747'னு ஸ்டைலா எழுதியிருக்கும். ஹால்ல மாட்டினா செம கெத்து!

ஆனா ஒரு சின்ன சிக்கல். விக்டோரியா மகாராணி பிறந்ததே 1819-ல்தான். லண்டன் விக்டோரியா ஸ்டேஷன் திறந்தது 1860-ல். நீராவி இன்ஜின் இழுத்த முதல் பொது ரயில் இங்கிலாந்தில் ஓடியது 1825-ல். அப்போ 1747-ல் அந்த ஸ்டேஷன்ல யாரு, எந்த ரயிலுக்கு வெயிட் பண்ணாங்க?!

போலிக்கு இவ்வளவு மவுசு. அசலுக்கு? பழைய லோகோ ஷெட்டிலோ, பணிமனையின் டைம் ஆபீஸிலோ தூசி படிஞ்சு தொங்கும் பெண்டுலம் கடிகாரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அது உடைசல்களோடு சேர்ந்து ஏலத்துக்குப் போய்விடும் ஆபத்து எப்பவும் உண்டு.

"போகட்டுமே பாஸ், அதான் செல்போன்ல டைம் இருக்கே"ன்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. இந்தக் கதையில ஹீரோவே நம்ம மெட்ராஸ்தான்.

இந்தியாவுக்கே டைம் சொன்ன ஊர்

ரயில் வருவதற்கு முன்பு ஒவ்வொரு ஊருக்கும் தனி நேரம். சூரியன் உச்சிக்கு வந்தா மதியம் 12, அவ்வளவுதான். மெட்ராஸில் 12 மணி அடிக்கும்போது பம்பாயில் பதினொன்றரை. கல்கத்தாவிலோ பன்னிரண்டரையைத் தாண்டியிருக்கும். மாட்டு வண்டிக்கு இது ஓகே. ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமா வர்ற ரயில்களுக்கு? ரெண்டு ஸ்டேஷன் கடிகாரமும் வேற வேற நேரம் காட்டினால் உயிருக்கே ஆபத்து!

அதனால, 1870 வாக்கில் இந்திய ரயில்வேக்குப் பொது நேரமா 'மெட்ராஸ் டைம்' வந்தது. நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமா நேரம் கணிக்கும் வானியல் ஆய்வுக்கூடம் 1792-லேயே நுங்கம்பாக்கத்தில் உருவாகியிருந்தது. மெட்ராஸ் நேரம் தந்தி மூலமா ஸ்டேஷன்களுக்குப் போகும். அதை வெச்சு அங்கங்கே கடிகாரத்தைச் சரி பண்ணுவாங்க.

1905-06-ல் இப்போதைய இந்திய நேரம் அமலுக்கு வந்தது. இது மெட்ராஸ் டைமைவிட 9 நிமிஷம் முன்னால். அதற்கும் முந்தைய கடிகாரம் ஒண்ணு உங்க ஊர் ஷெட்டில் இருந்தால், அந்த 9 நிமிஷத்தைத் தாண்டி வந்த முள் அது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நாடு முழுக்க நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வெச்சாங்க, பிறகு பழையபடி மாத்தினாங்க. அதையும் அதே முள் பார்த்திருக்கு.

டிடெக்டிவ் ஆகலாம் வாங்க

ஒரு பழைய கடிகாரத்தோட ஜாதகத்தைக் கணிக்க நாலு விஷயத்தைப் பார்க்கணும்.

ஒண்ணு, டயலில் உள்ள எழுத்து. ரயில்வே கம்பெனிகள் தங்கள் இனிஷியலைப் போட்டுக்கொண்டன. 'எஸ்.ஐ.ஆர்.' என்றால் சவுத் இண்டியன் ரயில்வே. இந்தப் பெயர் வந்தது 1874-ல். 'எம். அண்ட் எஸ்.எம்.' என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. இது உருவானது 1908-ல். இரண்டுமே 1951-ல் தெற்கு ரயில்வேக்குள் கலந்துவிட்டன. ஆக, எழுத்தைப் பார்த்ததுமே எந்தக் காலத்துக்குள் தேடணும்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா உஷார்! டயலுக்குப் பிற்பாடு பெயின்ட் அடிச்சிருக்கலாம். எழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீங்க.

ரெண்டு, பேர் யாருடையது? டயலில் இருப்பது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். செய்தவரின் முத்திரை உள்ளே, மெஷினின் பித்தளைத் தகட்டில் இருக்கும்.

மூணு, பெட்டியின் மேல் ஆணியடித்த சின்ன நம்பர் தகடு. அலுவலகப் பதிவேட்டில் அதே நம்பர் இருந்தால் ஜாக்பாட்! அந்தக் கடிகாரம் எங்கெல்லாம் வேலை பார்த்ததுன்னே கண்டுபிடிச்சிடலாம்.

நாலு, கதவின் உள்பக்கம். ரிப்பேர் பண்ணவங்க தேதியையும் கையெழுத்தையும் பென்சிலில் எழுதியோ, ஊசியால் கீறியோ வைக்கிற வழக்கம் உண்டு. அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிடாதீங்க. அதுதான் அந்தக் கடிகாரத்தோட டைரி!

ஃபிசிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு போனஸ். வெயிலில் பெண்டுலம் கம்பி நீளும், கடிகாரம் லேட்டாகும். எஃகுக் கம்பியா இருந்தா 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு நாளைக்குச் சுமார் 5 விநாடி போச்சு. மே மாச ஷெட்டில் அந்தக் கடிகாரம் பட்ட பாடு புரியுதா?

ஆர்வக்கோளாறு வேண்டாமே!

பழைய கடிகாரத்தைக் கெடுப்பதில் தூசியைவிட ஆர்வக்கோளாறுக்குத்தான் முதலிடம். பளபளன்னு இருக்கணும்னு பித்தளையைத் தேய்ச்சால், முத்திரையும் சேர்ந்து தேயும். மங்கின டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சால் அசல் எழுத்து காலி. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய்னு கண்டதையும் விட்டால் தூசியோடு சேர்ந்து பசையாகிப் பல்சக்கரத்தை அரிக்கும். முறுக்கிய ஸ்பிரிங்கை விவரம் தெரியாமல் கழற்றினால் கையையே பதம் பார்த்துடும்.

எல்லாத்தையும்விடப் பெரிய கொடுமை, உள்ளே இருக்கிற மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேட்டரி மெஷினை மாட்டுவது. வெளியே பார்த்தால் ஜம்முனு ஓடும். உள்ளே உயிர் இருக்காது. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அசல் மெஷின் அதே பெட்டிக்குள் இருக்கட்டும். நல்ல மெக்கானிக் கிடைக்கும் நாளில் மறுபடி ஓடவைக்கலாம். காயலான் கடைக்குப் போனதை மீட்க முடியாது.

அதுக்காக "நானே காப்பாத்துறேன்"னு கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க பாஸ்! ரயில்வே சொத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஹீரோ ஆகப்போய் கேஸில் மாட்டிக்காதீங்க.

வேற என்னதான் செய்யறது? உங்க கல்லூரியின் வரலாற்றுத் துறையோ, என்.எஸ்.எஸ். அணியோ முறைப்படி கடிதம் கொடுத்து, கோட்ட ரயில்வே மேலாளரிடம் அனுமதி வாங்கலாம். ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்து முன், பின், உள் என்று போட்டோ எடுங்க. நம்பர், எழுத்து, இடம் எல்லாத்தையும் ஒரு நோட்டில் பதியுங்க. ஒரு பிரதியை அலுவலகத்துக்கே கொடுங்க. ஏலப் பட்டியல் போடுறவருக்கு 'பழைய கடிகாரம் 1'னு எழுதுறது ஈஸி. அதன் கதை கையில் இருந்தால், கொஞ்சம் யோசிப்பார். சென்னை ஐ.சி.எஃப். வளாகத்திலும் திருச்சியிலும் ரயில்வேயின் அருங்காட்சியகங்கள் இருக்கு. அங்கே அனுப்பலாம்னு எடுத்துச் சொல்லவும் உங்க நோட்டு கைகொடுக்கும்.

ஷெட்டில் பல வருஷம் சாவி கொடுத்தவங்க பலர் இன்னிக்கு ஓய்வில் இருக்காங்க. எந்தக் கிழமை சாவி கொடுத்தாங்க, எது அடிக்கடி மக்கர் பண்ணும், யார் ரிப்பேர் பண்ணாங்க... எல்லாம் அவங்க ஞாபகத்தில்தான் இருக்கு. கடிகாரமாவது காத்திருக்கும். அவங்களை முதல்ல போய்ப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!