காற்றை எப்படி விற்கிறார்கள்?

மூலப்பொருள் ஓசி. பிறகு லிண்டே போன்ற நிறுவனங்களுக்கு எதற்குப் பணம் தருகிறார்கள்? பிரித்துக் கொடுப்பதற்கு.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். அழுத்திய காற்றைச் சட்டென விரியவிட்டால் குளிரும். அந்தக் குளிர்ந்த காற்றாலேயே அடுத்து வரும் காற்றைக் குளிர்வித்து, அதையும் விரியவிட வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் 1895-இல் ஜெர்மனியின் கார்ல் லிண்டே காற்றைத் திரவமாக்கினார். அந்தத் திரவம் உயரமான கோபுரத்துக்குள் போகிறது. மைனஸ் 196 டிகிரியிலேயே கொதித்துவிடும் நைட்ரஜன் மேலே ஏறுகிறது. மைனஸ் 183 வரை தாக்குப்பிடிக்கும் ஆக்சிஜன் அடியில் தங்குகிறது. காற்றில் சிறிதளவே உள்ள ஆர்கானின் கொதிநிலை மைனஸ் 186. ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் அதைப் பிரிப்பது தனித் தலைவலி.

பெருஞ்செலவு மின்சாரம்தான். அடுத்தது போக்குவரத்து: திரவ ஆக்சிஜனை டேங்கரில் நெடுந்தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. அதனால் ஆக்சிஜனை ஏராளமாக வாங்கும் எஃகு ஆலையின் மதிலை ஒட்டியே பிரிப்பு நிலையத்தைக் கட்டிக் குழாய் போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 15 ஆண்டுகளுக்கு மேல். வாயுவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை உண்டு. மின்கட்டணம் ஏறினால் அதுவும் பொதுவாக வாங்குபவர் தலையில். கெட்டிக்கார வியாபாரம்! ஆலைக்குப் போக மிஞ்சும் திரவம் டேங்கர்களில் ஏறி, அக்கம்பக்கத்து மருத்துவமனைகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் போகிறது.