மூடிய ஜன்னலும் நிம்மதியும்

தேச முன்னேற்றத்துக்கு ஆகாயப் போக்குவரத்து அவசியம் என்பதை இக்காலத்தில் எவரும் மறுக்கமாட்டார். ஆனால், விமானத்தால் விளையும் சௌகரியம் நாடு முழுவதற்கும் பொதுவாகச் சேருகிறது. அதன் இரைச்சலோ விமான நிலையத்தை அடுத்து வாழும் குடும்பங்களின் தலையில் மட்டும் விழுகிறது. பொது நன்மைக்காகச் சிலர் சுமக்கும் பாரத்தைப் பொதுப் பணத்தைக் கொண்டு இறக்கிவைப்பது தயையா, கடமையா? ஜப்பான் தேசத்தில் ஒஸாகா நகரத்துக்கு அருகிலுள்ள இதாமி விமான நிலையத்தின் சரித்திரம் இக்கேள்விக்குத் தெளிவான விடை அளிக்கிறது.

இதாமி, டொயொனாகா, கவானிஷி ஆகிய மூன்று நகரங்களின் குடியிருப்புகள் அந்நிலையத்தை நெருங்கி நிற்கின்றன. 1964ஆம் வருஷத்தில் அங்கே ஜெட் விமானங்கள் இறங்கத் தொடங்கின. 1970இல் 3,000 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை ஒன்றும் திறக்கப்பட்டது. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பேச்சு நின்றது. உபாத்தியாயர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். உறங்கிய குழந்தை அலறி விழித்தது.

ஜப்பானிய சர்க்கார் 1967ஆம் வருஷத்தில் இதற்கென ஒரு சட்டம் இயற்றினர். பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒலித் தடுப்பு வேலைகள் செய்ய அதன்படி உதவித் தொகை கிடைத்தது. வீட்டில் அமைதி இழந்தவர்கள் கூடிப் படிக்கவும், பேசவும், இளைப்பாறவும் பொதுக் கட்டடங்கள் எழுப்பவும் அதில் இடமிருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அமைதியைத் தேடி மனிதன் தன் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும் என்பது எவ்வளவு விபரீதம்! தனிப்பட்டவர்களின் வீடுகளுக்கும் உதவி உண்டென்று சட்டம் திருத்தப்பட்டது 1974ஆம் வருஷத்தில்தான். அப்பொழுதும் முதலில் ஒன்றிரண்டு அறைகளுக்கே உதவி கிடைத்தது. முழு வீட்டுக்கும் அது விரிய மேலும் சில வருஷங்கள் பிடித்தன.

வேலையின் தன்மையைச் சிறிது கவனிப்போம். காற்று நுழையும் வழிகளிலெல்லாம் ஒலியும் நுழைந்துவிடும். மரத்தாலான ஜப்பானிய வீடுகளின் நகரும் கதவுகளிலும் ஜன்னல்களிலும் இடுக்குகளுக்குக் குறைவில்லை. ஆகவே, இறுகப் பொருந்தும் அலுமினியச் சட்டங்களையும் கனமான கண்ணாடிகளையும் அமைத்தார்கள். சுவர்களையும் மேல்தளத்தையும் பலப்படுத்தினார்கள். ஒலியின் அளவு 10 டெஸிபெல் குறைந்தால் நம் காதுக்கு அது ஏறக்குறையப் பாதியாகவும், 20 டெஸிபெல் குறைந்தால் கால்வாசியாகவும் தோன்றும். இது அற்பமான நன்மையன்று.

எனினும், இந்நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜன்னலைத் திறந்த மறுகணமே செய்த செலவெல்லாம் வீணாகிவிடும். ஒஸாகாப் பிரதேசத்தின் கோடையோ புழுக்கம் நிறைந்தது. அதனால் காற்றோட்ட யந்திரமும் குளிர்சாதனமும் சேர்ந்தே பொருத்தவேண்டியதாயிற்று. யந்திரங்கள் பழுதானால் மாற்றவேண்டும். மின்சாரத்துக்குப் பணம் கட்டவேண்டும். முற்றத்தில் உட்காரும் முதியவருக்கும், தெருவில் விளையாடும் சிறுவனுக்கும் எந்தக் கண்ணாடியும் துணை வராது.

இதை உணர்ந்துதான் கவானிஷி வாசிகள் 1969ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சர்க்கார்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்கள் நஷ்ட ஈட்டோடு திருப்தி அடையவில்லை. இரவில் விமானங்களை நிறுத்தவேண்டும் என்றும் கோரினார்கள். 1975இல் ஒஸாகா ஹைகோர்ட், இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானங்கள் பறக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 1981ஆம் வருஷம் டிசம்பரில் ஜப்பானின் உச்ச நியாயஸ்தலம், அவர்கள் அதுவரை பட்ட கஷ்டத்துக்கு நஷ்ட ஈடு உண்டென்று ஒப்புக்கொண்டது; ஆயினும் சிவில் வழக்கின் மூலம் விமானங்களைத் தடைசெய்ய இயலாது என்று கூறிவிட்டது. சட்டத்தில் தோற்ற கோரிக்கை நடைமுறையில் தோற்கவில்லை. இரவு 9 மணிக்குமேல் விமானப் போக்குவரத்து இல்லை என்னும் ஏற்பாடு இன்றும் இதாமியில் நிலைத்திருக்கிறது. 1994இல் ஒஸாகாவின் மற்றொரு பெரிய விமான நிலையம் திறக்கப்பட்டபோது, அது ஊர் நடுவே அமையவில்லை. கடலை மேடாக்கிய தீவின்மீது அமைந்தது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது என்ன? ஒலித் தடுப்பு வேலை சர்க்கார் காட்டும் தயையன்று, அது கடன். ஆனால் அந்தக் கடனைச் செலுத்தியதாலேயே இரைச்சலை விருப்பம்போல் பெருக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. கண்ணாடி போட்டுக் கொடுத்தோம், இனிக் குறை சொல்லாதே என்று கூறுவது நியாயமாகாது. கண்ணாடி செய்வது பாதி வேலை. இரவின் மௌனமும் போதிய தூரமுமே மற்றப் பாதியைச் செய்யவல்லவை. ஓடுபாதைக்கு வரைபடம் தீட்டும்பொழுதே இவ்விரண்டையும் கணக்கில் சேர்ப்பதுதான் நல்லாட்சிக்கு அழகு.