காவற்படையே பகையானால்...

நம் குருதியில் வல்ல அல்லாஹ் அமைத்துள்ள காவற்படையுள் எண்ணிக்கையால் மிகுந்தவை நியூட்ரோஃபில் எனும் அணுக்கள். வெள்ளணுக்களுள் நூற்றுக்கு 50 முதல் 70 வரை இவையே. எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை ஆக்கி அனுப்புகிறது. கிருமி புகுந்த இடத்திற்கு முந்தி விரைந்து, அதனை விழுங்கித் தாமும் மடிவது இவற்றின் பணி.

2020-இல் உலகெங்கும் பரவிய கொரோனா நோயில், இப்படையே பலரது நுரையீரலுக்குப் பகையாயிற்று. வைரஸ் தாக்கிய உயிரணுக்களின் அபயக் குரல் ஓயாமற் போகவே, நுண்குழாய்களில் நியூட்ரோஃபில்கள் அளவின்றிக் குவிந்தன. அவை உமிழ்ந்த நொதிகள் காற்றறைகளின் மெல்லிய சுவரை அரித்தன. போதாக்குறைக்குத் தம் மரபிழைகளையே வலையாக வீசின. இவ்வலையைப் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2004-இல் உலகிற்கு அறிவித்தனர். பாக்டீரியாவைச் சிக்கவைக்க நல்ல ஆயுதம்தான். குருதிக் குழாய்க்குள் விரிந்தாலோ, அதில் இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. காற்றறைகளில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. பரிசோதனைத் தாளில் லிம்போசைட் குறைந்து நியூட்ரோஃபில் ஏறியிருக்கக் கண்ட மருத்துவர்கள் கவலையுற்றது இதனாற்றான்.

2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு ஒரு வழியைக் காட்டிற்று. டெக்ஸாமெத்தசோன் எனும் பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசத்திலிருந்தோரின் மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. இம்மருந்து வைரஸைக் கொல்வதன்று, அழற்சியை அடக்குவது. எனவேதான் ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் நன்மை கிட்டவில்லை. காய்ச்சல் கண்ட அன்றே கடையில் வாங்கி விழுங்கியவர்கள் இதனை அறிந்திலர்.