வாழைக் குழியில் கிடைத்த கற்கோடரி

பாலகாட்,

தங்கவயல்காரர்களுக்குக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001-ல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் கல்லோடு மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள். அவர்களையே வியக்க வைக்கும் கல் ஒன்று தமிழ்நாட்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது.

மயிலாடுதுறை அருகே உள்ள ஊர் செம்பியன் கண்டியூர். 2006-ம் ஆண்டு அங்கே பள்ளி ஆசிரியர் ஒருவர், வாழையும் தென்னையும் வைப்பதற்காகக் கொல்லையில் குழி தோண்டினார். மண்ணோடு இரண்டு கற்கள் வந்தன. கைக்கு அடக்கமானவை. வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தன.

வேறு ஒருவராக இருந்தால் வேலி ஓரம் வீசியிருப்பார். ஆசிரியருக்குப் பழம்பொருள்களில் ஈடுபாடு உண்டு. தரங்கம்பாடி அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் கொடுத்தார். அங்கிருந்து கற்கள் தொல்லியல் துறைக்குப் போயின. அவை புதிய கற்காலக் கோடரிகள் என்று தெரிந்தது.

காவிரி மண்ணில் கல் ஏது?

தஞ்சைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். அங்கே எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். அம்மிக்கும் உரலுக்கும்கூட வெளியூர்க் கல்தான் வரவேண்டும். ஆகவே இந்தக் கோடரிக் கல்லும் எங்கிருந்தோ வந்ததுதான். இது தென்னாட்டுக் கல்லே, வடக்கிலிருந்து வந்ததல்ல என்றார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன்.

உளியும் இல்லை, சம்மட்டியும் இல்லை. கல்லைக் கல்லால் உடைத்து, கொத்தி, பொறுமையாகத் தேய்த்துத்தான் கூர் ஏற்றினார்கள். பிறகு மரப்பிடியில் பொருத்தினார்கள். பாறையில் துளை போட்டுப் பழகிய கைகளுக்குத்தான் அந்த உழைப்பின் அருமை புரியும்.

நான்கு குறிகள்

ஒரு கோடரியில் நான்கு குறிகள் காணப்பட்டன. அவை சிந்துவெளி எழுத்துக்கள் என்றார் மகாதேவன். முதல் இரண்டையும் சேர்த்து ‘முருகன்’ என்று படித்தார். காலம் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடைப்பட்டது என்பது அவர் கணிப்பு. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. சிந்துவெளி எழுத்தை எல்லோரும் ஒப்பும்படி இன்னும் யாரும் படித்துக் காட்டவில்லை. மகாதேவன் 2018-ல் காலமானார்.

குறி எதுவும் இல்லாத இன்னொரு கோடரியை யாரும் அதிகம் பேசவில்லை. அதற்கும் வயது குறைவில்லை.

சேர்வராயன் மலைப் பகுதியில் இப்படிப்பட்ட கற்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிடப்பட்டதும் உண்டு. விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் கிணறு, வரப்பு வெட்டுகிறவர்கள் கவனிக்கலாம். மண்ணில் கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். கற்கோடரிக்குக் கடைத்தெருவில் என்ன விலை என்பது வேறு விஷயம்!